அணுவுக்கு மூன்று பேர்

றாஸிக்கும் பக்கத்து வீட்டு இன்ஷாபும் திங்கட்கிழமை சுபஹ் தொழுதுவிட்டு சாய்ந்தமருதுக் கரையிலிருந்து போட்டைத் தள்ளினார்கள். செவ்வாய் பகலுக்குள் திரும்பியிருக்க வேண்டும். செவ்வாய் பின்னேரம் அஸர் தொழுகை வரை றாஸிக்கின் மனைவி மர்ஷூதா பெரிதாகப் பயப்படவில்லை. மீன் பட்டால் ஒரு நேரம் பிந்துவது வழக்கம்தான். மஃரிபு பாங்கு சொல்லி இருட்டிய பிறகு பயந்தாள். புதன்கிழமை பதினொரு போட்டுகள் தேடிப் போய், எண்ணெய் தீர்ந்து, வெறுமனே திரும்பி வந்தன. சொல்ல வேண்டிய இடங்களிலெல்லாம் சொல்லியாயிற்று. எல்லா இடத்திலும் எழுதிக்கொண்டார்கள்.

அன்று பின்னேரம் மருதமுனை ஸப்ரி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். மேல்கேம்பில் சமையல் வேலை பார்ப்பவர். வயது நாற்பத்தைந்து தாண்டிய, அதிகம் வாய் திறக்காத மனிதர். வளவுக்குள் வந்தும் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்று சொன்னார்.

“தங்கச்சி, ஆக்கள் உசிரோட இரிக்காங்க. நான் என்ட கண்ணால கண்ட. பெரிய திரையில ஒரு புள்ளி, அதுக்குள்ள ரெண்டு சூடு. எஞ்சின் நிண்ட போட், ரெண்டு பேர் எண்டு அவங்களே கதைச்சாங்க.”

“அப்ப என்னத்துக்குப் போகல்ல?” என்று கேட்டார் மர்ஷூதாவின் காக்கா அபுல் ஹஸன். கல்முனையில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். தங்கையின் வீட்டில் இரண்டு நாளாகக் கதிரையில் உட்கார்ந்தபடியே இருந்தார்.

“அது எனக்குத் தெரியா காக்கா. தேத்தண்ணி குடுக்கிறதுதான் என்ட வேல” என்று சொல்லிவிட்டு ஸப்ரி போய்விட்டார்.

மேல்கேம்ப் என்பது ஊரார் வைத்த பெயர். அதன் சரியான பெயர் அண்டவெளிக் கரைகாப்புப் படை. வேறு நட்சத்திரங்களிலிருந்து கப்பல்கள் வந்து இறங்கினால் இந்தக் கரையில்தான் இறங்கும் என்று யாரோ கணக்கிட்டிருந்தார்கள். வரும் வருடமும் கணக்கிடப்பட்டிருந்தது: இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூறு. ஆகவே பதினொரு வருடங்களுக்கு முன்பே, முன்பு கரைவலை இழுத்த இடத்தைக் கம்பி வேலி போட்டு எடுத்து, ஒரு வெள்ளிநிறப் பலூனை ஆகாயத்தில் கட்டிவிட்டு, காவல் காக்கத் தொடங்கியிருந்தார்கள். படையில் சேருகிறவரின் பெயரை வாசலிலேயே எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு அவருக்குப் பதவி மட்டும்தான்.

படையின் அமைப்பு மிகத் தெளிவானது என்று அதன் கையேடு சொன்னது. மூன்று பேர் சேர்ந்தால் ஓர் அணு. ஏழு அணு ஒரு மூலக்கூறு. ஏழு மூலக்கூறு ஒரு துணைக்கோள், ஏழு துணைக்கோள் ஒரு கோள், ஏழு கோள் ஒரு சூரியன். அதற்கு மேலே மண்டலமும் பால்வெளியும் இருந்தன. அவை கொழும்பில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிகாரி: மூலக்கூறாளர், துணைக்கோளாளர், கோளதிபர், சூரியாதிபர். எல்லாருக்கும் அடியில், கட்டளையை நிறைவேற்றுகிற சிப்பாய்க்குத் துகள் என்று பெயர். ஒரு சூரியனுக்குள் ஏழாயிரத்து இருநூற்று மூன்று துகள்கள் இருக்க வேண்டும். கேம்பில் மொத்தம் அறுபத்து மூன்று பேர் இருந்தார்கள். அறுபத்து மூவரும் அதிகாரிகள்.

மர்ஷூதா இதற்கெல்லாம் பயப்படுகிற ஆள் இல்லை. உயர்தரம் வரை படித்தவள். அந்த ஒழுங்கையில் யாருக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுக்க வேண்டுமென்றாலும், கடவுச்சீட்டுக்கு எழுத வேண்டுமென்றாலும், படிவத்தைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் வருவார்கள். கேட்ட இடத்தில் கேட்டதை எழுதி, கையெழுத்தை வைத்து, சரியான மேசையில் கொடுத்தால் எந்தக் கந்தோரும் வேலை செய்யும் என்பது அவளுடைய நம்பிக்கை. அது இதுவரை பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது. வியாழன் காலை அபாயாவைப் போட்டுக்கொண்டு, றாஸிக்கின் அடையாள அட்டைப் பிரதியையும் போட்டின் பதிவு இலக்கத்தையும் ஒரு பைலில் வைத்துக்கொண்டு, காக்காவோடு மேல்கேம்புக்குப் போனாள்.

வாசலில் இரண்டு அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்தபடி, இல்லை, ஆகாயத்தைப் பார்த்தபடி நின்றார்கள். அந்தப் படையில் மேலதிகாரியைக் கண்டால் அண்ணாந்து பார்ப்பதுதான் மரியாதை. மூலக்கூறாளருக்கு இரண்டு விநாடி, சூரியாதிபருக்கு ஏழு. சமமான பதவியில் உள்ள இருவர் எதிர்ப்பட்டால் யார் முதலில் தலையைக் குனிவது என்று கையேட்டில் எழுதப்படவில்லை. மர்ஷூதாவும் காக்காவும் அவர்களுக்கு நடுவே புகுந்து உள்ளே போனார்கள். யாரும் தடுக்கவில்லை. தடுப்பதற்குத் தலையைக் குனிய வேண்டும்.

அவர்களை ஒரு துணைக்கோளாளரிடம் அனுப்பினார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க, தணிந்த குரலுள்ள மனிதர். பொதுமக்களோடு கதைக்கும்போது கையேட்டுத் தமிழிலேயே கதைக்க வேண்டும் என்பது அவர்களுக்குக் கட்டளை. அவர் இருவருக்கும் கதிரை போட்டு, பிளேன்டீ வரவழைத்து, நடந்ததை முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு மிகவும் வருந்தினார். வருந்தியபின் ஒரு படிவத்தை எடுத்தார்.

மர்ஷூதாவுக்குப் படிவத்தைக் கண்டதும் உயிர் வந்தது. பொருளின் பெயர் என்ற இடத்தில் றாஸிக்கின் முழுப்பெயரை எழுதினாள். பொருளின் நிறை என்ற இடத்தில், எழுபத்திரண்டு கிலோ இருப்பார் என்று எழுதினாள். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் மீன்பிடி என்று எழுதினாள். நான்காவது கேள்வியில் நின்றாள்.

“தங்கள் கணவர் கடல்மட்டத்திலிருந்து எத்தனை கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிறார், அம்மணி?” என்று துணைக்கோளாளர் உதவி செய்தார்.

“கடல்லதான் சேர் இரிக்காரு.”

“அது இடம். நான் கேட்பது உயரம்.”

“போட்டுட பலகை தண்ணிக்கு மேல ரெண்டடி வரும் சேர்” என்றார் காக்கா.

துணைக்கோளாளர் அதைக் கேலியாக எடுக்கவில்லை. ஒரு கடதாசியில் இரண்டடியைக் கிலோமீற்றராக மாற்றிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். நூறு கிலோமீற்றருக்குக் கீழே இருப்பது எதுவும் படையின் கண்ணுக்குப் பொருள் அல்ல, அல்பொருள் என்று விளக்கினார். பறவை அல்பொருள். மழை அல்பொருள். தங்கள் கணவரும், மன்னிக்க வேண்டும், இப்போதைக்கு அப்படித்தான். அவர் எதிரியாக இருந்தால் நான்கு நிமிடத்தில் நடவடிக்கை எடுத்திருக்கலாம். துரதிர்ஷ்டவசமாக அவர் எதிரி இல்லை.

திரையையாவது பார்க்கலாமா என்று மர்ஷூதா கேட்டாள். அதற்குத் தடை இருக்கவில்லை. பொதுமக்கள் படையின் பெருமையைப் பார்க்க வேண்டும் என்று கையேட்டில் ஒரு பக்கமே இருந்தது.

பெரிய மண்டபம். சுவர் அகலத்துக்குத் திரை. எட்டு ஒன்பது பேர் முன்னால் இருந்தார்கள். துணைக்கோளாளர் ஒரு குச்சியால் காட்டினார். கறுப்பு நீலத்துக்குள் வெண்டைக்காய் விதையளவில் ஒரு வெளிச்சம். ஒரு விசையை அழுத்தியதும் அது பெரிதாகி, போட்டின் வடிவமாகி, அதற்குள் மஞ்சளாக இரண்டு தீற்றல்கள் தெரிந்தன. ஒன்று கிடந்தது. மற்றது குனிந்து குனிந்து எழும்பியது.

“நீர் இறைக்கிறார்” என்றார் துணைக்கோளாளர். “இன்று காலை பத்தேகாலுக்கு இருவரும் குடிநீர் அருந்தினார்கள். போத்தலின் மூடியில் அளந்து அருந்தினார்கள். எங்கள் கருவி அவ்வளவு நுட்பமானது.”

குனிந்து எழும்புகிற விதத்தை வைத்து அது றாஸிக் என்று மர்ஷூதாவுக்குத் தெரிந்தது. வலது தோள் சற்று உயர்ந்திருந்தது. இரண்டு நாள் இந்த உலகத்தில் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் இருந்த மனிதர் அங்கே, நாலு எட்டு வைத்தால் தொடுகிற தூரத்தில், வேலை செய்துகொண்டிருந்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எந்த இடம் எண்டு மட்டும் சொல்லுங்க சேர். மறுகா எங்கட ஆக்கள் போவாங்க. உங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்ல.”

“நியாயமான வேண்டுகோள்” என்றார் அவர். பதினைந்து நிமிடத்தில் ஒரு கடதாசியில் அச்சடித்தே கொடுத்தார்.

அன்று பகல் லுஹர் தொழுகைக்கு முன்பே அந்தக் கடதாசி கரைக்கு வந்துவிட்டது. நாற்பது வருடம் கடலுக்குப் போன ஸைனுலாப்தீன் மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். அந்த போட் பால்வெளியின் மையத்திலிருந்து இருபத்தாறாயிரத்துச் சொச்சம் ஒளியாண்டு தூரத்தில், ஒரு சுருள் கையின் உட்புறத்தில் இருப்பதாக அதில் எழுதியிருந்தது. பதின்மூன்று தசமதானம் வரை துல்லியம் என்றும் அடியில் போட்டிருந்தது.

“இதுல வடக்கா தெக்கா எண்டு இல்லையே புள்ள” என்றார் அவர்.

அவள் அதே பகலில் திரும்பிப் போய்க் கேட்டாள். அந்த எண்களைக் கடல்வரைபட எண்களாக மாற்றுவது மொழிபெயர்ப்பு அணுவின் வேலை என்று சொன்னார்கள். மொழிபெயர்ப்பு அணுவில் மூன்று இடம். மூன்றும் வெற்றிடம். வேறு பிரிவினர் மாற்றினால் அந்த மூன்று பேரின் உரிமையில் தலையிட்டதாகும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஆறு போட்டுகள் குத்துமதிப்பாகப் போயின. அதே நேரம் மர்ஷூதாவைச் சூரியாதிபர் அழைத்திருந்தார். ஒரு துண்டுக் கடதாசிக்காக ஒரு பெண் ஒரே நாளில் இரண்டு முறை வாசலுக்கு வந்ததில் அவர் மனம் நெகிழ்ந்திருந்தார். பெரிய உடம்பு, சிறிய கண்கள். மேசையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கையேடு இருந்தது.

“வழி இருக்கிறது” என்றார் சூரியாதிபர். “அல்பொருளைத் தேட எமக்கு அதிகாரம் இல்லை. ஆனால் எமது படைவீரர் ஒருவர் எங்கே தவறிப்போனாலும், எந்த உயரத்தில் இருந்தாலும், அவரைத் தேடியே தீர வேண்டும். பன்னிரண்டாம் அத்தியாயம். ஆகவே தங்கள் கணவரையும் மற்றவரையும் படையில் சேர்த்துவிடுவோம். துகளாக.”

“அவங்க ரெண்டு பேரும் கடல்ல நிக்க எப்பிடி சேர் சேர்க்கிற?”

“மனைவி கையெழுத்திடலாம்.”

மர்ஷூதா காக்காவைப் பார்த்தாள். அவர் மெதுவாகத் தலையசைத்தார். ஒரு மாதிரிப் பார்த்தால் இது படிவந்தானே என்று அவளுக்குப் பட்டது. ஐந்து பக்கம் நிரப்பினாள். இன்ஷாபுக்கு அவனுடைய உம்மா ஹப்ஸா வந்து பெருவிரல் வைத்தாள். அதன் பிறகுதான் ஒரு தடை தெரிந்தது. படையில் தனித்தனியாக யாரையும் சேர்க்க முடியாது. அணுவாகத்தான் சேர்க்கலாம். அணுவுக்கு மூன்று பேர். கடலில் இருப்பது இரண்டு.

 சூரியாதிபர் காக்காவைப் பார்த்தார். துணைக்கோளாளர் காக்காவைப் பார்த்தார். ஐம்பத்தொரு வயதும் இழுப்பு வியாதியும் உள்ள அபுல் ஹஸன், பையிலிருந்த பேனையை எடுத்து, எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று கேட்டார்.

பதவியேற்பு சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு நடந்தது. அதற்கு முதலே தேடத் தொடங்கக் கூடாதா என்று மர்ஷூதா கேட்டிருந்தாள். பதவியேற்காத ஒருவரைத் தேடினால் யாரைத் தேடியதாக எழுதுவது என்று அவளிடம் திருப்பிக் கேட்டார்கள். மைதானத்தில் கூடாரம் கட்டி, ஒலிபெருக்கி வைத்து, கேக் வெட்டினார்கள். அறுபத்து மூன்று அதிகாரிகளும் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு எதிரே, இரண்டு வெறும் கதிரைகளுக்குப் பக்கத்தில், இறுக்கமான சாம்பல் நிறச் சீருடையில் காக்கா நின்றார். அதிகாரிகள் பலரின் கண்கள் கலங்கியிருந்ததை மர்ஷூதா கண்டாள். தன் புருஷனுக்காக என்று முதலில் நினைத்தாள்.

சூரியாதிபர் பேசினார். “பதினொரு வருடங்களாக இந்தப் படையின் நெஞ்சில் ஒரு வெறுமை இருந்தது. எம்மிடம் கட்டளைகள் இருந்தன, கேட்பதற்கு ஆள் இருக்கவில்லை. நான் தினமும் காலையில் கோளதிபருக்குச் சொல்வேன், அவர் துணைக்கோளாளருக்குச் சொல்வார், அவர் மூலக்கூறாளருக்குச் சொல்வார், அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இன்று அந்தத் தரையில் ஆட்கள் நிற்கிறார்கள். அதிலும் இரண்டு பேரை நான் விசேடமாகப் பாராட்டுகிறேன். அவர்கள் கடலில் இருந்தபடியே எம்மோடு இணைந்திருக்கிறார்கள். உணவு கேட்கவில்லை. விடுமுறை கேட்கவில்லை. எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அத்தகைய சிப்பாய்களைத்தான் இந்தக் கையேட்டை எழுதியவர்கள் மனதில் கண்டார்கள்.”

எல்லாரும் கைதட்டினார்கள். தட்டாவிட்டால் தேடப் போகமாட்டார்களோ என்ற பயத்தில் மர்ஷூதாவும் தட்டினாள்.

அதன் பிறகு சூரியாதிபர் “தேடுக” என்று கட்டளையிட்டார். கட்டளை கோளதிபருக்குப் போய், அங்கிருந்து துணைக்கோளாளருக்குப் போய், அங்கிருந்து மூலக்கூறாளருக்குப் போய், கடைசியில் அபுல் ஹஸனிடம் வந்து நின்றது. மூன்று பேர் கொண்ட அந்த அணுவில் தேடக்கூடிய நிலையில் இருந்தவர் அவர் ஒருவர்தான். அவருக்கு ஒரு தொலைநோக்கி கொடுக்கப்பட்டது. அது அடிவானத்துக்கு மேலே மட்டுமே திரும்பும்படி செய்யப்பட்டிருந்தது.

கேம்பில் ஒரு வேகப் படகு இருந்ததைக் காக்கா அன்றுதான் கண்டார். கண்ணாடிக் கொட்டிலுக்குள், தூசி படாமல், மினுமினுத்துக்கொண்டிருந்தது. அதை எடுக்கலாமா என்று துணைக்கோளாளரிடம் கேட்டார். படகை இயக்குவது ஒரு மூலக்கூறின் உரிமை, அதாவது இருபத்தொரு பேர் என்று பதில் வந்தது. காக்கா சீருடையோடு சைக்கிளில் ஏறிக் கரைக்குப் போனார். இஷாத் தொழுகை முடிவதற்குள் பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். ஸைனுலாப்தீன் மாமாவும் அதில் ஒருவர். ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பதினெட்டுப் பேரும் அடையாள அட்டையோடு வாசலில் நின்றார்கள். துணைக்கோளாளர் வெளியே வந்து, எல்லாருக்கும் நன்றி சொன்னார். இந்த வருடத்துக்கான ஆட்சேர்ப்பு மூன்று என்று மேலே பால்வெளியில் தீர்மானித்திருந்தார்கள். அது நேற்றோடு முடிந்துவிட்டது. ஜனவரியில் வரலாம்.

அவர்கள் கலைந்து போன பிறகு மர்ஷூதா திரையைப் பார்க்க உள்ளே போனாள். திரையில் கறுப்பு நீலம் மட்டும் இருந்தது.

அவள் முதலில் இடம் மாறிப் பார்த்தாள். கண்ணைக் கசக்கிப் பார்த்தாள். “எங்க சேர்?” என்று கேட்டாள்.

“அமைதியாக இருங்கள், அம்மணி. மறைந்ததே ஒரு நல்ல செய்தி” என்றார் துணைக்கோளாளர். “எங்கள் கருவி அந்நியரை மட்டும்தான் காட்டும். நண்பர்களை அது தானாகவே நீக்கிவிடும். இல்லாவிட்டால் திரையில் நெரிசல் ஏற்படும். நேற்று நாலு மணிக்குப் பெயர் பதிவானதும் அவர்கள் எங்களவர்கள் ஆகிவிட்டார்கள்.”

அவள் சுவரோரமாக நிலத்தில் உட்கார்ந்தாள். அங்கே யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். அவள் அந்தத் தண்ணீரைப் பார்த்தாள், குடிக்கவில்லை.

“அவர வெளிய எடுங்க. எங்களுக்கு உங்கட படை வேணா. பேர வெட்டுங்க.”

“பதவி விலகலாம்” என்றார் அவர். “தாராளமாக. ஆனால் சிப்பாய் தானே நேரில் வந்து, மைதானத்தில் நின்று, வாய்மொழியாகச் சொல்ல வேண்டும்.”

ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். நாலு நாளும் அவள் போனாள். ஒவ்வொரு நாளும் ஒரு படி மேலே போனாள். ஒவ்வொருவரும் அவளை இருத்திப் பொறுமையாகக் கேட்டார்கள், தமக்கு மேலே இருப்பவரைக் காட்டினார்கள். சூரியாதிபருக்கு மேலே இருந்தவர் தொலைபேசியில் மட்டும் இருந்தார். அவருக்கு மேலே இருந்தவர் ஒரு முகவரி மட்டும். அந்த முகவரிக்கு அவள் பதிவுத் தபாலில் எழுதினாள். வெளியே காக்கா வெயிலில் நின்று, இழுக்கிற மூச்சோடு அறுபத்து மூன்று பேரின் கட்டளைகளையும் மாறி மாறி நிறைவேற்றிக்கொண்டிருந்தார். ஒருவர் மண்ணைக் கூட்டச் சொன்னார். கூட்டிய மண்ணைப் பழைய இடத்தில் பரவச் சொன்னார் அடுத்தவர். ஆசை தீர மாட்டேன் என்றிருந்தது அவர்களுக்கு.

வியாழக்கிழமை, பதினோராம் நாள், அக்கரைப்பற்றுக்குத் தெற்கே ஒரு கரையில் போட் தானாக வந்து தட்டியது. வலை இழுக்கப் போனவர்கள் கண்டு ஓடிப்போய்த் தூக்கினார்கள். உள்ளே இன்ஷாப் மட்டும் கிடந்தான். உயிர் இருந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கழித்து அவனுக்குக் கதைக்க முடிந்தது. தண்ணீர் குறைந்ததும் றாஸிக் தன்னுடைய மூடியளவைக் குடிப்பதுபோல் வாயில் வைத்துவிட்டுத் திருப்பிப் போத்தலுக்குள் ஊற்றியிருக்கிறார். இன்ஷாபுக்கு அது பிறகுதான் விளங்கியிருக்கிறது. அவர் கண்ணை மூடியபின் ஒன்றரை நாள் மையித்தை வைத்துக்கொண்டிருந்து, தெரிந்த அளவில் தொழுவித்து, தான் உடுத்திருந்த சாரத்தால் சுற்றிக் கடலில் விட்டிருக்கிறான்.

ஊரில், உடல் இல்லாமலே, காயிப் ஜனாஸாத் தொழுகை நடந்தது. மர்ஷூதா இத்தாவில் உட்கார்ந்தாள். வீட்டுக்குள், அந்நிய ஆண் முகம் பாராமல், நாலு மாதமும் பத்து நாளும்.

இரண்டு கிழமைக்குப் பிறகு ஒருநாள் லுஹருக்குப் பின் துணைக்கோளாளர் வந்தார். முழுச் சீருடையில், கையில் இரண்டு உறைகளோடு, முற்றத்தில் நின்றார். முன்னறையில் இருந்த காக்கா எழும்பி வந்து, தங்கையின் வீட்டு வாசலில், ஓட்டு விளிம்பைப் பார்த்தபடி மூன்று விநாடி அண்ணாந்து நின்றார். மைதானத்தில் நின்று வாய்மொழியாகச் சொல்லியும் அவருக்கு இன்னும் விடுதலை கிடைக்கவில்லை. அணு கலைக்கப்பட வேண்டும், கலைப்பதற்கு மூன்று பேரின் சம்மதம் வேண்டும்.

மர்ஷூதா திரைச்சீலைக்குப் பின்னால் வந்து நின்றாள். துணைக்கோளாளர் தன் தணிந்த குரலில், படையின் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்தார். முதல் உறையில், காலஞ்சென்ற துகள் மூலக்கூறாளராகப் பதவி உயர்த்தப்பட்ட கடிதம் இருந்தது. இரண்டாவது உறை கனமாக இருந்தது.

“குடும்பத்துக்கு ஆறுதலாக இருக்கும் என்று நான்தான் தனிப்பட்ட முறையில் அனுமதி பெற்றேன்” என்றார். “திரையில் காட்டாவிட்டாலும் கருவி பார்ப்பதை நிறுத்துவதில்லை. அவரது கடைசி நேரம் வரை முழுப் பதிவும் இதில் இருக்கிறது. ஒரு நிமிடம்கூட விடுபடவில்லை.”

காக்கா அதை வாங்கிச் சீலைக்கு உள்ளே நீட்டினார்.

அவள் கட்டிலில் இருந்து வாசித்தாள். இருபத்திரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று நிரல்: நேரம், அவதானிப்பு, எடுக்கப்பட்ட நடவடிக்கை. வெள்ளி காலை ஏழு ஐந்துக்கு எழுந்து நிற்கிறார். இரு கைகளையும் உயர்த்துகிறார். கரைப் பக்கம், பலூனை நோக்கி. பதிவு செய்யப்பட்டது. எட்டு நாற்பதுக்கு மேற்சட்டையைக் கழற்றி அசைக்கிறார். பதிவு செய்யப்பட்டது. பதினொன்றரைக்கு மீண்டும் இரு கைகள். பதிவு செய்யப்பட்டது. சனிக்கிழமை இருந்தபடி ஒரு கை. சனி பின்னேரம் நாலு பன்னிரண்டுக்கு, துகள் இலக்கம் ஒன்றின் வெப்பம் குறையத் தொடங்குகிறது. பதிவு செய்யப்பட்டது.

நாலு பன்னிரண்டுக்கு ஒலிபெருக்கி வேலை செய்துகொண்டிருந்தது. அவள் கடதாசியை மடித்தாள்.  பக்கத்து வீட்டிலிருந்து வந்திருந்த இன்ஷாப் முன்னறை மூலையில், இன்னும் சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிற நிலையில், தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

“இன்ஷாப்” என்று உள்ளே இருந்து கேட்டது. “கைய என்னத்துக்குக் காட்டின?”

“நான் வேணா எண்டுதான் சொன்ன ராத்தா. ஏலாம இருந்துக்கிட்டு எழும்பி எழும்பி காட்டின. ‘அந்தப் பலூன் நம்மளத்தான் பாக்குது. கண்டுட்டு ஆரும் சும்மா இருப்பாங்களா’ எண்டு சொன்னாரு.”

துணைக்கோளாளர் முற்றத்து வெயிலில் அசையாமல் நின்றார். அவர் காதில் அது விழுந்திருக்க வேண்டும். பிறகு தொண்டையைச் செருமி, இரண்டு உறைகளும் கிடைத்தன என்று ஒரு கையெழுத்து வேண்டும் என்றார்.

 காக்கா உள்ளே போய் வந்து, புள்ள கையெழுத்து வைக்காதாம் என்றார். துணைக்கோளாளர் தலையசைத்தார். ஆனால் போகவில்லை. கையெழுத்து இல்லாமல் திரும்பக் கூடாது என்பது அவருக்கு வந்த கட்டளை. அவரைப் போகச் சொல்லக்கூடிய பதவியில் அந்த வளவில் யாரும் இருக்கவில்லை. காக்கா ஒரு கதிரை கொண்டுவந்து வைத்தார். துகள் கொடுக்கும் கதிரையில் துணைக்கோளாளர் இருக்க முடியாது. அஸர் பாங்கு கேட்டது. ஒழுங்கையில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவரது சீருடை முதுகில் நனைந்து கறுத்தது. ஒருமுறை கால் மாற்றி நின்றார். மழை இருட்டியது, பெய்தது, விட்டது. சொட்டச் சொட்ட நின்றார்.

மஃரிபுக்குச் சற்று முன் சீலை அசைந்தது.

“காக்கா, அந்தக் கடதாசியக் கொண்டு வாங்க” என்றாள் மர்ஷூதா. “அந்த மனிசனுக்கும் ஊட்டுல ஆக்கள் பாத்துட்டு இருப்பாங்க.”

கேட்ட இடத்தில் பெயரையும், கேட்ட இடத்தில் திகதியையும் எழுதி, அவள் கையெழுத்து வைத்துக் கொடுத்தாள். துணைக்கோளாளர் நனைந்த விரல்களால் அதை வாங்கி, எல்லாம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று மேலிருந்து கீழே பார்த்தார். கடைசியில் ஒரு பெட்டி வெறுமையாக இருந்தது. சேவை திருப்தி, ஆம் அல்லது இல்லை. அவர் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு, திரும்பவும் அந்தப் பெண்ணுக்குச் சிரமம் கொடுக்க மனமில்லாமல், தன் பேனையை எடுத்து, ஆம் என்பதற்கு நேரே தானே ஒரு சரி போட்டுக்கொண்டு புறப்பட்டார்.